யாருக்கு என்ன ‘மான்’? மராத்தி கிராமத்துக் கல்யாணத்துக்கு முதல் முறை போகிறவர்களுக்கு

புனேயில் ஆறு வருடம் என் பக்கத்து மேசையில் வேலை பார்த்த தோழிக்கு மே மாதத்தில் கல்யாணம். ஊர் சாத்தாரா மாவட்டத்தில், கராட் பக்கம். கிருஷ்ணா ஆற்றுத் தண்ணீரில் கரும்பு விளையும் பூமி. பத்திரிகையைக் கொடுக்கும்போதே, "முகூர்த்தத்துக்கு வந்து தலையைக் காட்டிட்டு ஓடுற வேலை வேண்டாம். முதல் நாளே வா, ஹளதிக்கு நீ இருக்கணும்" என்று சொல்லிவிட்டாள். மஞ்சள் பூசும் சடங்கைத்தான் ஹளத் என்கிறார்கள்.

இரண்டு நாள் தங்கினேன். கண்ணில் பட்டதையெல்லாம் அவளுடைய அத்தைமாரிடமும் சித்திமாரிடமும் கேட்டுக்கொண்டே இருந்தேன். இது எதற்கு, இதை ஏன் இவர்தான் செய்ய வேண்டும், அவர் ஏன் அங்கே நிற்கிறார்? முக்கால்வாசிக் கேள்விகளுக்கு ஒரே மாதிரியான பதில் வந்தது. "தோ மாமாச்சா மான்." அது மாமாவுடைய மான். "ஹா கரவலிச்சா மான்." இது மாப்பிள்ளையின் தங்கையுடைய மான். இரண்டாம் நாள் மதியத்துக்குள் எனக்குப் புரிந்துவிட்டது: அந்தக் கல்யாணத்தைத் திறக்கும் சாவி இந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

மான் என்பது நம் ‘மானம்’ என்ற சொல்லின் உடன்பிறப்பு. மரியாதை என்றும் பொருள், உரிமை என்றும் பொருள். "தாய்மாமன் முறை", "அத்தை முறை" என்று நாம் சொல்கிறோமே, அந்த ‘முறை’ இதற்கு மிக நெருக்கம். ஒரு காரியத்தைச் செய்ய ஒருவருக்கு மட்டுமே இருக்கும் உரிமையும், அதைச் செய்ததற்காக அவருக்குச் சபையில் கிடைக்கும் கௌரவமும் சேர்ந்தது மான். கொடுக்க வேண்டியது, வாங்க வேண்டியது எல்லாவற்றையும் ஒன்றாக்கி ‘மான்பான்’ என்பார்கள். புடவை, தலைப்பாகை, தேங்காய் எல்லாம் இந்த மான்பானின் கண்ணுக்குத் தெரியும் வடிவங்கள்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். மகாராஷ்டிரம் பெரிய மாநிலம். கொங்கண் கடற்கரையில் ஒரு வழக்கம், வடக்கே காந்தேசத்தில் ஒன்று, கிழக்கே விதர்பாவில் இன்னொன்று. சாதிக்குச் சாதியும் மாறும். நான் விவரிப்பது மேற்கு மகாராஷ்டிரத்தின் ஒரு மராட்டா விவசாயக் குடும்பத்துக் கல்யாணத்தை.

பத்திரிகையிலிருந்தே ஆரம்பிக்கலாம். ஊருக்குப் போகும் முன்பே படிக்க வேண்டிய பாடம் அது. மேலே பிள்ளையாரும் குலதெய்வத்தின் பெயரும் இருக்கும். அந்தப் பக்கத்தில் பல வீடுகளுக்கு ஜெஜூரி கண்டோபாவோ துள்ஜாப்பூர் பவானியோ குலதெய்வம். மணமகள் பெயருக்கு முன்னால் ‘சி. சௌ. காம்.’ என்று இருக்கும். ‘சிரஞ்சீவி சௌபாக்கிய காங்ஷிணி’ என்பதன் சுருக்கம். அதற்குப் பிறகு வரும் பெயர்ப் பட்டியல் அரைப் பக்கத்தைத் தாண்டும். தாத்தா பாட்டி, பெரியப்பா சித்தப்பா, மாமாக்கள், அவரவர் ஊர்ப் பெயரோடு. ஊர்ப் பெரியவர்கள் ‘அழைப்பவர்கள்’ என்ற தலைப்பில் தனியாக. கடைசியில் குழந்தைகளின் பெயர்கள், ‘கில்பில்’ என்று பறவைச் சத்தத்தையே தலைப்பாக வைத்து, "எங்க சித்தி கல்யாணத்துக்கு வரணும், ஆமா!" என்கிற தொனியில் ஒரு வரி. அச்சுப் பிழையாக ஒரு பெயர் விட்டுப்போனால் ஒரு வீடே கல்யாணத்துக்கு வராமல் போகலாம். பத்திரிகையில் பெயர் வருவதே முதல் மான்.

கல்யாணப் பருவம் கார்த்திகை மாதத் துளசி விவாகத்துக்குப் பிறகுதான் தொடங்கும். துளசிச் செடிக்கும் விஷ்ணுவுக்கும் முதலில் கல்யாணம் செய்துவைத்துவிட்டு மனிதர்கள் ஆரம்பிக்கிறார்கள். மழைக்காலம் வந்தால் நிற்கும். கிராமங்களில் அறுவடை முடிந்து கையில் கொஞ்சம் பணமும் நேரமும் இருக்கும் ஏப்ரல், மே மாதங்களில்தான் கூட்டம் அதிகம். பருத்திப் புடவை கட்டிக்கொண்டு போங்கள். பட்டு முகூர்த்தத்துக்கு மட்டும் போதும்.

மஞ்சளும் வாசலில் நின்ற காக்கூவும்

முதல் நாள் காலையில் மாவிலை கட்டிய திரிகையைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்தார்கள். திரிகைக்கு அங்கே ‘ஜாத்தே’ என்று பெயர். மஞ்சளை அரைத்துக்கொண்டே ‘ஓவி’ பாடுவார்கள். திரிகை சுற்றும் தாளத்துக்கே பிறந்த நாட்டுப்புறப் பாட்டு வகை அது. மாவு மில் வந்த பிறகு திரிகைக்கு வீட்டில் வேலை இல்லை. கல்யாணத்துக்கென்று அதைப் பரணிலிருந்து இறக்கியிருந்தார்கள்.

பெண்ணுக்குப் பூசுகிற மஞ்சள் மாப்பிள்ளை வீட்டிலிருந்து வர வேண்டும். அங்கே மாப்பிள்ளைக்குப் பூசி மீந்ததை ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு, பச்சைப் புடவையும் வைத்து, அந்த வீட்டுப் பெண்கள் வருவார்கள். இதற்கு ‘உஷ்டி ஹளத்’ என்று பெயர். எச்சில் மஞ்சள் என்று அர்த்தம். ஒரே மஞ்சள் இரண்டு உடம்பிலும் ஏறுவதில்தான் உறவு தொடங்குகிறது என்று பாட்டி ஒருவர் எனக்கு விளக்கினார். மஞ்சளுக்குப் பிறகு பெண்ணின் கையில் பச்சைக் கண்ணாடி வளையல்கள் ஏறும். தங்க வளையல் எத்தனை இருந்தாலும் மராத்தி மணப்பெண்ணுக்குப் பச்சை வளையல்தான் அடையாளம்.

மஞ்சள் பூசும் மான் சுமங்கலிகளுக்கு உரியது. ஐந்து பேர் தொடங்கிவைக்க வேண்டும், பிறகு வரிசையாக எல்லோரும். அந்த வரிசையில் என்னையும் கூப்பிட்டார்கள். மாவிலையில் தொட்டுத் தோழியின் கன்னத்தில் வைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான், சமையலறை வாசலில் அவளுடைய காக்கூ நிற்பதைப் பார்த்தேன். காக்கூ என்றால் சித்தி, அப்பாவின் தம்பி மனைவி. கணவரை இழந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அன்று விடியற்காலை நான்கு மணியிலிருந்து அந்த வீட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். எனக்குச் சுடச்சுடப் பாக்ரி என்ற சோள ரொட்டி போட்டுக்கொடுத்தவரும் அவர்தான். மஞ்சள் கிண்ணம் இருந்த இடத்துக்கு மட்டும் அவர் வரவில்லை.

தோழி உட்கார்ந்த பலகையிலிருந்து எழவில்லை, எழக் கூடாது. "காக்கூ, நீ வை. அப்புறம்தான் நான் குளிப்பேன்" என்றாள். கூடம் ஒரு நொடி அடங்கியது. அவள் அம்மாவே போய்க் காக்கூவின் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். காக்கூவின் விரல் நடுங்கியது. மஞ்சள் மூக்கிலும் புருவத்திலும் பட்டது.

இது ஒரு வீட்டின் தைரியம் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். கோலாப்பூர் மாவட்டத்தில், ஷிரோல் வட்டத்து ஹேர்வாட் என்ற கிராமம், 2022 மே மாதம் கிராம சபையில் ஒரு தீர்மானம் போட்டது. கணவன் இறந்ததும் மனைவியின் வளையலை உடைப்பது, குங்குமத்தை அழிப்பது, மங்கள சூத்திரத்தை அறுப்பது, மெட்டியைக் கழற்றுவது எல்லாவற்றையும் ஊர் கைவிடுகிறது என்ற தீர்மானம். அதே மாதத்தில் மற்ற ஊராட்சிகளும் ஹேர்வாட் வழியில் போக வேண்டும் என்று மாநில அரசு சுற்றறிக்கை அனுப்பியது. தீர்மானம் போட்டதும் மனம் மாறிவிடாதுதான். ஆனாலும் "ஊரே சொல்லியிருக்கு" என்ற துணை, அந்தக் கூடத்தில் கையைப் பிடித்து அழைத்துவந்த அம்மாவுக்கு இருந்திருக்கும் என்றே நம்புகிறேன். மான் ஒருவருக்குக் கொடுக்கப்படும்போது, அது இன்னொருவரிடமிருந்து எடுக்கவும்படுகிறது. முதல் முறை போகிறவர் கவனிக்க வேண்டியதில் இதை நான் முதலிடத்தில் வைப்பேன்.

யார் யார் எங்கே நிற்கிறார்கள்

மஞ்சள் நாளிலேயே ‘தேவக்’ வைக்கும் சடங்கும் உண்டு. ஒவ்வொரு குலத்துக்கும் காவலாக ஒரு மரமோ இலையோ இறகோ இருக்கும். கடம்பம், மயிலிறகு என்று குலத்துக்குக் குலம் வேறு. வாத்தியத்தோடு போய் அதைக் கொண்டுவந்து வைத்து, கல்யாணம் முடியும்வரை பூஜை செய்வார்கள். ஒரே தேவக் உள்ள குடும்பங்கள் தங்களுக்குள் பெண் கொடுத்து எடுப்பதில்லை என்பது பழைய விதி.

மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் கூட்டமாக வந்து இறங்குவார்கள். ‘வர்ஹாட்’ வந்துவிட்டது என்று சிறுவர்கள் ஓடிவந்து சொல்வார்கள். மாப்பிள்ளை நேராகப் பந்தலுக்கு வர முடியாது. முதலில் ஊர் மாருதி கோயிலில் கும்பிட வேண்டும். அனுமனை மாருதி என்றுதான் அங்கே சொல்வார்கள். அவர் கோயில் இல்லாத மராத்தி கிராமத்தைப் பார்ப்பது அரிது. அங்கிருந்து குதிரையிலோ காரிலோ ஊர்வலம். முன்னால் ஹல்கி அடித்துக்கொண்டு போனார்கள். நம் பறையின் உறவுக்காரக் கருவி அது. அந்த அடி காதில் விழுந்தால் கால் சும்மா இருக்காது.

மாப்பிள்ளையை ‘நவர்தேவ்’ என்பார்கள். அன்று ஒரு நாள் அவர் தேவன். தலையில் ஃபேடா என்ற தலைப்பாகை, கையில் கட்டாரி, அதன் நுனியில் குத்திய எலுமிச்சம்பழம், நெற்றியில் ‘பாஷிங்’ என்ற அலங்காரப் பட்டம். கல்யாணத்துக்கு அவசரப்படுகிறவனைப் பற்றி மராத்தியில் "முழங்காலில் பாஷிங் கட்டிக்கொண்டான்" என்றொரு பழமொழி உண்டு. நெற்றியிலிருந்து இரண்டு கன்னத்திலும் தொங்கும் முத்துச் சரத்துக்கு ‘முண்டாவள்யா’ என்று பெயர். மாப்பிள்ளை, பெண் இருவருக்கும் கட்டுவார்கள். பந்தலில் மணமக்கள் யார் என்று தேட வேண்டியதே இல்லை, முத்துச் சரத்தைப் பார்த்தால் போதும்.

மாமாவின் மான் நமக்குச் சட்டென்று புரியும். பெண்ணை உள்ளிருந்து பந்தலுக்கு அழைத்துவர வேண்டியவர் தாய்மாமன். மைக்கில் "பெண்ணின் மாமா பெண்ணை மண்டபத்துக்குக் கூட்டிவரவும்" என்று அறிவிப்பார்கள். மந்திரம் முடியும்வரை மாமாக்கள் பின்னாலேயே நிற்பார்கள். மகாராஷ்டிரத்தில் பல சாதிகளில் மாமன் மகளைக் கட்டும் வழக்கமும் இருந்து வந்திருக்கிறது. வடக்கத்தி உறவு முறையும் தெற்கத்தி உறவு முறையும் சந்திக்கும் நிலம் இது என்று மானிடவியலாளர் இராவதி கார்வே எழுதினார். பந்தலில் தாய்மாமனைப் பார்த்த நிமிடம் எனக்கு அது உண்மை என்று பட்டது; இது வட இந்தியக் கல்யாணம் என்று நினைத்துப் போயிருந்த என் கணக்கு அங்கேதான் மாறியது.

‘கரவலி’ என்பது மாப்பிள்ளையின் சகோதரி. தேங்காய் வைத்த செம்பைப் பிடித்துக்கொண்டு அண்ணனோடு கூடவே வருவாள். அவளுக்குப் புடவை வைத்துக் கொடுக்க வேண்டும். பெண்ணின் தம்பிக்கும் ஒரு மான் உண்டு. ஹோமத்தில் பொரி இடும் நேரத்தில் மாப்பிள்ளையின் காதைப் பிடித்துத் திருகுவான். "அக்காவை ஒழுங்காகப் பார்த்துக்கொள்" என்பதற்கான எச்சரிக்கை. சிறு பையன் என்றால் பந்தலே சிரிக்கும். அவனுக்கும் புதுத் துணி உண்டு. இரண்டு அப்பாக்களும் கட்டித் தழுவிக்கொள்வது ‘வ்யாஹி பேட்’, சம்பந்திகள் சந்திப்பு.

பழைய நாளில் இந்தப் பட்டியல் உறவோடு நிற்கவில்லை. கிராமத்துக்கு வேலை செய்துகொடுத்து அறுவடையில் தானியம் பெற்ற பன்னிரண்டு வகைத் தொழிலாளர்களைப் ‘பாரா பலுத்தேதார்’ என்பார்கள். குயவர் சடங்குக்குப் பானை கொடுப்பார், கோயில் பூசாரியான குரவ் இலைத் தட்டு தைத்துத் தருவார், ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. அழகான ஏற்பாடாகத் தோன்றும். ஆனால் ஹல்கி அடித்த மாங் சாதியினரும் ஊருக்கு வெளியே வைக்கப்பட்ட மஹார்களும் இதே பட்டியலில்தான் இருந்தார்கள். அவர்கள் வேலை பந்தலுக்கு வேண்டும், அவர்கள் பந்தியில் மட்டும் உட்காரக் கூடாது என்று இருந்த காலம் அது.

இந்த முறையை உடைத்தவரின் குடும்பமும் சாத்தாரா மாவட்டத்தைச் சேர்ந்ததுதான். ஜோதிராவ் பூலேயின் பூர்வீகம் கட்குண் கிராமம். 1873 செப்டம்பர் 24 அன்று புனேயில் அவர் சத்யசோதக் சமாஜத்தை, அதாவது உண்மை தேடுவோர் சங்கத்தை, தொடங்கினார். அதே ஆண்டு டிசம்பரில் புரோகிதர் இல்லாத முதல் சத்யசோதக் திருமணம் நடந்தது. மங்கள வாழ்த்துகளை பூலே மராத்தியிலேயே எழுதினார். அதில் மணமகள் பெண்களுக்கான உரிமையைக் கேட்கிறாள், மணமகன் தருவதாக வாக்குக் கொடுக்கிறான். நம் சுயமரியாதைத் திருமணத்தை 1967ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் ஏற்றுக்கொண்டதை அறிந்தவர்களுக்கு, அந்தச் சிந்தனையின் அண்ணன் இங்கே இருப்பது தெரிய வேண்டும். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அம்பேத்கரோடு பௌத்தம் தழுவிய குடும்பங்களின் கல்யாணம் இன்னொரு வகை. வெள்ளை உடை, புத்தர் படமும் பாபாசாகேப் படமும், பௌத்த உறுதிமொழிகளான திரிசரணமும் பஞ்சசீலமும். உங்கள் நண்பர் அந்தக் குடும்பத்தவர் என்றால் நான் மேலே சொன்ன முக்கால் பங்கு அங்கே இருக்காது.

அட்சதை விழுந்தால் கல்யாணம்

முகூர்த்தத்துக்கு முன்னால் ஒரு நீண்ட மைக் நேரம் உண்டு. ‘சத்கார்’ என்று பெயர். ஊர்த் தலைவர், சர்க்கரை ஆலை இயக்குநர், மாவட்டப் பஞ்சாயத்து உறுப்பினர் என்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஃபேடா கட்டி, சால்வை போட்டு, தேங்காய் கொடுப்பார்கள். மற்ற ஆண் விருந்தாளிகளுக்குத் துண்டும் வெள்ளைத் தொப்பியும். சிலர் வாழ்த்துரையும் வழங்குவார்கள். வெயிலில் நிற்கும் மணமக்களுக்கு இது பெரிய சோதனை. பத்திரிகையில் 12:35 என்று போட்டிருந்தால் ஒரு மணிக்குப் பக்கம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு வருவதுதான் உச்சம். மணமக்களை எதிரெதிரே நிறுத்தி நடுவில் ஒரு துணியைப் பிடிப்பார்கள். ‘அந்தர்பாட்’. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. மங்களாஷ்டகம் தொடங்கும். எட்டுச் செய்யுள்கள், சார்தூலவிக்ரீடிதம் என்ற நீண்ட சமஸ்கிருதச் சந்தத்தில். முதலில் புரோகிதர் பாடினார். பிறகு மைக் கை மாறியது. பெண்ணின் அத்தை, மணமக்கள் பெயரை வைத்துத் தானே மராத்தியில் எழுதியதை அதே ராகத்தில் பாடினார். குரல் இரண்டு இடத்தில் தழுதழுத்தது. ஒவ்வொரு செய்யுளும் "குர்யாத் ஸதா மங்களம்" என்று முடிந்து, "சுப மங்கள ஸாவதான்!" என்ற முழக்கம் எழும். அந்த நொடியில் பந்தல் முழுவதும் அட்சதை பறக்கும். கையில் கொடுத்த அரிசியை முதல் தடவையே கொட்டிவிடாமல் எட்டுப் பங்காக வைத்துக்கொள்ளுங்கள். சோளம் விளையும் வட்டாரங்களில் சாயமிட்ட சோளத்தையே அட்சதையாகத் தருவதுண்டு.

‘ஸாவதான்’ என்றால் ‘கவனமாக இரு’. இந்தச் சொல்லுக்கு ஒரு புகழ்பெற்ற கதை உண்டு. ஜால்னா மாவட்டத்து ஜாம்ப் கிராமத்தில் நாராயணன் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன், தன் கல்யாணத்தில் "ஸாவதான்" என்ற குரல் கேட்டதும் விழித்துக்கொண்டு பந்தலை விட்டு ஓடிவிட்டானாம். பிற்காலத்தில் அவர் சமர்த்த ராமதாசர் என்ற துறவி ஆனார் என்று சொல்கிறார்கள். மராட்டியர் காலத்தில் தஞ்சை, மன்னார்குடிப் பக்கம் அவர் பெயரில் மடங்கள் எழுந்தன. அவர் சமாதி இருக்கும் சஜ்ஜன்கட் கோட்டை சாத்தாராவுக்கு மிக அருகில்தான்.

எட்டாவது செய்யுள் முடிந்ததும் துணி விலகும். மாலை மாறும். வெடி, பேண்டு, கூச்சல். கல்யாணம் ஆகிவிட்டது. தமிழ்க் கண்ணுக்கு இது புதிது. நாம் கெட்டிமேளத்துக்கும் தாலிக்கும் காத்திருந்து பழகியவர்கள். அங்கே மங்கள சூத்திரம் கட்டுவதும் உண்டு. கறுப்பு மணிக் கோவையில் இரண்டு சின்னத் தங்கக் கிண்ணங்கள், ஒன்று பிறந்த வீட்டுக்கு, ஒன்று புகுந்த வீட்டுக்கு. ஆனால் அதுவும் ஹோமமும் ஏழடியும் பிறகு நிதானமாக நடக்கும். பக்கத்தில் வீட்டார் மட்டும் இருப்பார்கள். ஊர் கேட்பது "அட்சதை விழுந்துச்சா?" என்றுதான். விழுந்துவிட்டால் ஊர் பந்திக்குப் போய்விடும். தாலிக்காகக் காத்திருந்த நான் நிமிர்ந்து பார்த்தபோது பந்தலில் பாதி நாற்காலிகள் காலி.

பந்தியை ‘பங்கத்’ என்கிறார்கள். முன்பெல்லாம் பலாச இலை தைத்த தட்டு. இப்போது பெரும்பாலும் காகிதத் தட்டு, பல ஊர்களில் நின்றுகொண்டு சாப்பிடும் முறையும் வந்துவிட்டது. என் தோழியின் ஊரில் இன்னும் தரையில் வரிசையாக உட்கார வைத்துத்தான் போட்டார்கள். பூரி, கத்தரிக்காய் உருளைக்கிழங்குக் கறி, வரண் என்ற பருப்பும் சோறும், பூந்தி, வெல்லம் போட்ட கோதுமைக் கீர், கடைசியில் இஞ்சியும் கொத்துமல்லியும் நறுக்கிப் போட்ட ‘மட்டா’ மோர். அந்த மே மாத வெயிலில் அந்த மோரைப் போல ஒன்று கிடையாது. பரிமாறுகிறவர்கள் அந்த ஊர் இளைஞர்கள்தான். வரிசைக்கு நடுவே பெண்ணின் பெரியப்பா கைகூப்பிக்கொண்டே நடந்தார்: "சாவகாஷ் ஹோஊ த்யா, மண்டளி." மெதுவாக ஆகட்டும், எல்லோரும் நிதானமாகச் சாப்பிடுங்கள். இந்த ஒரு வாக்கியத்தில் உபசாரத்தின் மொத்தமும் இருக்கிறது. விருந்தாளியை அங்கே ‘பாவ்ஹண்’ என்று கூப்பிடுவார்கள். "எந்த ஊர் பாவ்ஹண்?" என்று கேட்பார்கள், நீங்கள் சென்னை என்றால் "அவ்வளவு தூரத்திலிருந்தா!" என்று இன்னும் ஒரு கரண்டி பூந்தி விழும்.

பரிசுக்குப் பெயர் ‘ஆஹேர்’. நம் மொய்தான். நோட்டுப் புத்தகத்தில் பெயரும் தொகையும் எழுதுவார்கள், நாளை உங்கள் வீட்டு விசேஷத்தில் திரும்பி வரும். 501 போல ஒற்றைப்படையில் வையுங்கள்.

மான்பானுக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. 1961லேயே வரதட்சணைத் தடைச் சட்டம் வந்துவிட்டது. அதனால் ‘ஹுண்டா’ என்று யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. "எங்க ஆட்களுக்கு மான்பான் சரியா நடக்கணும்" என்று மட்டும் சொல்வார்கள். அந்த வாக்கியத்துக்குள் தங்கமும் வண்டியும் நுழைந்துவிடும். மரியாதைக்கான சொல்லைக் கொள்ளைக்குப் போர்வையாக்குவது எனக்குத் தாங்க முடியாத விஷயம். என் தோழி பெண் பார்க்க வந்த அன்றே இதைத் தெளிவாகப் பேசி முடித்திருந்தாள். பெண்ணின் பெற்றோர் மாப்பிள்ளையின் காலைக் கழுவும் சடங்கையும் வேண்டாம் என்று மாப்பிள்ளையே சொல்லிவிட்டார்.

பெயரெடு

எனக்கு மிகவும் பிடித்ததைச் சொல்கிறேன். ‘உகாணா’. கணவன் பெயரை மனைவி வாயால் சொல்லக் கூடாது என்ற வழக்கம் நம் பாட்டிமார்களுக்கு இருந்தது போலவே அங்கேயும் இருந்தது. ஆனால் மராத்திப் பெண்கள் அதற்குள் ஒரு கதவைத் திறந்துவைத்தார்கள். எதுகையோடு இரண்டு வரி கட்டி, அதற்குள் பெயரை வைத்துச் சொன்னால் சொல்லலாம்! பெயரோடு ‘ராவ்’ சேர்த்துக்கொள்வார்கள். இதற்கு ‘நாவ் கேணே’ என்று பெயர், பெயரெடுத்தல். மஞ்சள் பூசும்போதும், ஒருவருக்கொருவர் இனிப்பு ஊட்டும்போதும், புகுந்த வீட்டு வாசலில் அரிசிப் படியைக் காலால் தள்ளிவிட்டு உள்ளே போகும் முன்பும், பெண்கள் வழியை மறித்துக்கொண்டு "நாவ் கே! நாவ் கே!" என்று விடாமல் கேட்பார்கள். சொல்லாமல் நகர முடியாது. சிலர் மனப்பாடம் செய்ததைச் சொல்வார்கள், கெட்டிக்காரிகள் அங்கேயே கட்டுவார்கள். படிக்காத பாட்டி ஒருவர், ஐம்பது வருடம் முன்பு தன் கல்யாணத்தில் சொன்னதைக் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். இப்போது மாப்பிள்ளைகளும் மனைவி பெயரை வைத்துச் சொல்ல வேண்டும். அது நல்ல மாற்றம்.

முதல் நாள் இரவு என் பக்கம் திரும்பினார்கள். எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். எனக்கு மராத்தியில் எதுகை வராது. "உங்க பாஷையிலேயே சொல்லு" என்றார் காக்கூ. அன்று காலையில் பார்த்த வயல்தான் நினைவுக்கு வந்தது.

"கரும்புக்குத் தண்ணி பாயுது வாய்க்கால் வழி;
…ராவ் பேரைச் சொல்லியாச்சு, விடுங்க வழி."

ஒரு சொல் புரியாதவர்கள், இரண்டு ‘வழி’யும் மோதும் சத்தத்தையும், நடுவில் வந்த பெயரையும் பிடித்துக்கொண்டு கைதட்டினார்கள். என் கணவரை நான் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன், பதினோரு வருடமாக. அன்று முதல் தடவை அந்தப் பெயரைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் கிளம்பினேன். தோழி முந்தைய நாள் மாலையே அழுதுகொண்டு புகுந்த வீட்டுக்குப் போய்விட்டாள். வீடு களைத்துக் கிடந்தது. வந்த சுமங்கலியை ‘ஓட்டி’ நிரப்பாமல் அனுப்ப மாட்டார்கள்: ரவிக்கைத் துணி, தேங்காய், அரிசி, எல்லாம் முந்தானையில் வைத்துத் தருவது. மடி நிரப்புவது. அதைச் செய்யும் மானும் சுமங்கலிக்கு உரியதுதான். தோழியின் அம்மா தட்டை எடுத்துவந்தார். என் முன்னால் நின்று ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பிக் காக்கூவைக் கூப்பிட்டு, தட்டை அவர் கையில் கொடுத்தார்.

காக்கூ மறுக்கவில்லை. முந்தானையை விரிக்கச் சொல்லித் தேங்காயை வைத்தார், துணியை வைத்தார், அரிசியை இரண்டு கையாலும் அள்ளிப் போட்டார். நான் குனிந்து காலைத் தொட்டுவிட்டு, தெரிந்த மராத்தியில் "ஜாதே, காக்கூ" என்றேன். போகிறேன் என்று.

அவர் என் வாயைக் கையால் பொத்தினார். "ஜாதே சொல்லக் கூடாது. ‘யேதே’ சொல்லு." வருகிறேன் என்று.

"யேதே, காக்கூ."